ஒரு மேல்துணிக்கான மனு: எருசலேம் பக்கம் ஏழு நாள்

முதல் நாள், மே 31, 2022, செவ்வாய், ரெஹோவோத்

விடிகாலையில் வந்து இறங்கினேன். மகள் இங்கே வெய்ஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கொரோனாவால் இரண்டு வருஷம் தள்ளிப்போன பயணம். இன்று முழுக்கத் தூக்கம்தான், ஊர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் எதற்காக வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் எழுதப்போவது புரியாது.

31 வருஷம் ஆட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்தவன் நான். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், கூலி பாக்கி, பாதைத் தகராறு, எல்லாம் எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்வார்கள், நடுவில் அழுவார்கள், மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்கள். அதையெல்லாம் கேட்டு அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒரு பக்கத்துக்குள் அடக்கித் தருவதுதான் என் வேலை. போன வருஷம் மகள் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். உடைந்த பானை ஓடு, அதன்மேல் கறுப்பு மசியில் 14 வரி. "அப்பா, இது 2600 வருஷத்துக்கு முந்தின மனு. கூலிக்காரர் ஒருத்தர் சொல்லச் சொல்ல உங்களை மாதிரி ஒருத்தர் எழுதினது" என்று கீழே எழுதியிருந்தாள். அன்றிலிருந்து அந்த ஓட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். யூத சமயம், பழைய எபிரேயர்கள் என்று நான் கடந்த ஒரு வருஷமாகத் தேடிப் படித்ததெல்லாம் அந்தப் படத்திலிருந்து தொடங்கியதுதான்.

இரண்டாம் நாள், ஜூன் 1, புதன், எருசலேம்

பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். சமவெளியில் கோதுமை அறுத்து முடித்த வெறும் தாள், அப்புறம் மலை, பைன் மரங்கள், பிறகு எல்லாக் கட்டடமும் ஒரே வெளிர்மஞ்சள் கல்லில் ஒரு நகரம். நேராக இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

ஓடு நான் நினைத்ததைவிடச் சின்னது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் மறைந்துவிடும். பல துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டின கோடு எழுத்துகளுக்கு நடுவில் ஓடுகிறது. நான் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தில் மூன்று சுற்றுலாக் கூட்டம் கடந்து போனது, யாரும் நிற்கவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, தங்கமோ சிலையோ இல்லை, வெறும் ஓடு.

1960இல் யோசேப் நாவே என்ற தொல்லியலாளர் மத்தியதரைக் கடலோரத்தில், யாவ்னே-யாம் என்ற பழைய துறைமுகத்துக்குக் கொஞ்சம் தெற்கே, ஒரு சிறு கோட்டையின் இடிபாட்டில் இதைக் கண்டெடுத்தார். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, யூதா நாட்டை யோசியா அரசர் ஆண்ட காலம் என்று கணிக்கிறார்கள். மனு கோட்டை அதிகாரிக்கு. "என் தலைவராகிய அதிகாரி தம் அடியேனின் வார்த்தையைக் கேட்கவேண்டும்" என்று ஆரம்பிக்கிறது. மனுதாரர் அறுப்புக் கூலி. ஹட்சர் அசாம் என்ற இடத்தில் கதிர் அறுத்தார், அளந்து களஞ்சியத்தில் சேர்த்தார், வேலை முடிந்த பிறகு ஷோபாயின் மகன் ஹோஷயாகு என்பவர் வந்து அவருடைய மேல்துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடன் அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், வெயில் கொதிப்பில் என்னோடு அறுத்தவர்கள், நான் குற்றமற்றவன், என் துணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இவ்வளவுதான் விஷயம்.

மகள் தமிழில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான்காவது வரிக்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காரணம் என்னவென்றால், அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அறுத்து முடித்தேன், சேர்த்தேன், அப்போது வந்து துணியை எடுத்தார் என்று சொன்னவர், அடுத்த வரியிலேயே மறுபடி, அறுத்து முடித்த பிறகு, இத்தனை நாள் முன்னால், துணியை எடுத்தார் என்கிறார். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேசியவர்கள் எல்லாம் இப்படித்தான் பேசினார்கள். நான் அந்த இரண்டாம் தடவையை வெட்டிவிடுவேன். அந்த எழுத்தர் வெட்டவில்லை. ஓட்டில் இடம் குறைவு, மசி செலவு, இருந்தும் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த மாதிரியே விட்டுவைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

துணியை எதற்காக எடுத்தார் என்று ஓட்டில் இல்லை. கடனுக்கு அடமானமா, வேலை குறைந்தது என்று பிடித்துவைத்தாரா என்று ஆய்வாளர்களுக்குள் பல கருத்து இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிச் சட்டம் இருந்தது. விவிலியத்தில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் வருகிறது: பிறன் துணியை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, அவனுக்கு இருக்கிற போர்வை அது ஒன்றுதான், அவன் உடம்பை மூடுவது அதுதான், வேறு எதில் படுத்துத் தூங்குவான்? அவன் என்னிடம் முறையிட்டால் நான் கேட்பேன், நான் இரக்கமுள்ளவன்.

என் காலத்தில் எத்தனையோ அரசாணைகளைப் படித்திருக்கிறேன், நகல் எடுத்திருக்கிறேன், எண் போட்டு மேற்கோள் காட்டியிருக்கிறேன். "அவன் வேறு எதில் படுத்துத் தூங்குவான்" என்று கேட்கிற ஒரு ஆணையை நான் பார்த்ததில்லை. சட்டத்தின் நடுவில் ஒரு கேள்வி. அதுவும் அந்தச் சட்டத்தைச் சொல்பவர் கடவுள், மனுவைப் பெறுபவரும் அவரே.

அந்த மனிதர் இந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு அது தெரியுமா, அப்போது அது எழுத்தில் இருந்ததா என்பதெல்லாம் அந்த ஓட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. கடைசிப் பகுதியில், துணியைத் தருவது உங்கள் கடமை இல்லையென்றாலும் இரக்கப்பட்டாவது தாருங்கள் என்ற கருத்தில் கேட்கிறார். உரிமையாகவும் கேட்கிறார், கெஞ்சியும் கேட்கிறார். ஏழை மனு எப்போதும் இந்த இரண்டு காலில்தான் நிற்கிறது.

இதே அருங்காட்சியகத்தில் சமாரியாவிலிருந்து வந்த தந்தச் செதுக்கல்கள் இருக்கின்றன, வடக்கு இஸ்ரேல் அரசர்களின் மாளிகையில் மரச்சாமான்களில் பதித்திருந்தவை. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அந்தத் தந்தக் கட்டில்களில் சாய்ந்து கிடந்தவர்களைத்தான் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி திட்டினார். தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பராமரித்துப் பிழைத்தவர் அவர். அவர் சொன்ன குற்றப்பட்டியலில் ஒன்று, அடகு வாங்கின துணிகளின் மேல் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறார்கள் என்பது. அதாவது பூசை நடக்கிறது, பாட்டு நடக்கிறது, கீழே விரித்திருப்பது ஒரு ஏழையின் போர்வை. உங்கள் திருவிழாக்களை வெறுக்கிறேன், நீதி தண்ணீரைப் போல ஓடட்டும் என்று கடவுள் சொல்வதாக அவர் பேசினார். அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆனால் அவர் பேச்சைப் பாதுகாத்து வைத்தார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். தங்களைத் திட்டியவர்களின் சொல்லையே வேதம் என்று வைத்துக்கொண்ட கூட்டம் இது.

இன்னும் இரண்டு பொருள்களைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன், கை வலிக்கிறது. கெத்தேஃப் ஹின்னோம் என்ற இடத்துக் கல்லறையில் 1979இல் கேப்ரியல் பர்கய் குழு கண்டெடுத்த இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள். பெரியது விரித்தால் 10 சென்டிமீட்டர்கூட வராது. தாயத்து மாதிரி. பல வருஷம் பாடுபட்டு விரித்துப் படித்தால் எண்ணாகமத்தில் வரும் ஆசீர்வாதம் கீறியிருக்கிறது: இறைவன் உன்னை வாழ்த்திக் காக்கட்டும், அவர் முகம் உன்மேல் ஒளிரட்டும், உனக்குச் சமாதானம் தரட்டும். இன்றுவரை கிடைத்த விவிலிய வரிகளில் மிகப் பழையது அதுதான்.

அப்புறம் ஏசாயா தீர்க்கதரிசியின் நூலை எழுதிய சுருள். 1947 வாக்கில் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்தது, 7 மீட்டருக்கு மேல் நீளம். வெள்ளைக் குவிமாடக் கட்டடத்துக்குள் வட்டமாக வைத்திருப்பது பெரும்பாலும் நகல்தான் என்றார்கள், பரவாயில்லை. மகள் அதில் ஐந்தாம் அதிகாரத்தைப் பற்றிச் சொன்னாள். கடவுள் 'ட்ஸெதாகா' எதிர்பார்த்தார், கிடைத்தது 'ட்ஸெஆகா'. முதல் சொல் நீதி, இரண்டாவது சொல் கூக்குரல், முறையிடுகிற அழுகை. எபிரேயத்தில் எழுதினால் நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வேறு. என் 31 வருஷ வேலை அந்த ஒரு எழுத்துக்குள் அடங்கிவிட்டது.

(கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து கொண்டுவந்து அப்படியே நிறுத்தியிருக்கும் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மரக்கூரையையும் பார்த்தேன். தாமரைப் பூ செதுக்கல். கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் 72 உரிமைகளும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, அது இன்னும் கொச்சியில்தான்.)

மூன்றாம் நாள், ஜூன் 2, வியாழன், யாவ்னே

ரெஹோவோத்திலிருந்து பக்கம். சாதாரண ஊர், அடுக்குமாடி வீடுகள், வெயில், தூசி. ஒரு மேட்டின் மேல், எகிப்திலிருந்து ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசலின் தூபி மட்டும் தனியாக நிற்கிறது. கொஞ்ச தூரத்தில் குவிமாடங்களோடு ஒரு பழைய கட்டடம், அதையும் மம்லூக்குகள்தான் கட்டினார்கள். முஸ்லிம்களுக்கு அது நபித்தோழர் அபூ ஹுரைராவின் அடக்க இடம், யூதர்களுக்கு ரப்பான் கமாலியேல் என்ற பழைய யூத அறிஞரின் கல்லறை.

பார்க்க அதிகம் இல்லை, ஆனாலும் வராமல் இருக்க மனசு வரவில்லை. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். பலி, பூசாரி, பீடம் எல்லாம் ஒரே அடியாகப் போய்விட்டது. அந்தக் காலத்தில் பலி இல்லாத சமயம் என்பது பலருக்கும் புரியாத விஷயம். அப்போது யோகனான் பென் சக்காய் என்ற முதியவரைச் சீடர்கள் பாடையில் வைத்து, பிணம் என்று சொல்லி, முற்றுகைக்குள்ளிருந்து வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர் ரோமத் தளபதியிடம் யாவ்னேயையும் அதன் அறிஞர்களையும் மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார் என்பது மரபில் வரும் கதை. கதை எவ்வளவு உண்மையோ, யாவ்னேயில் பாடசாலை நடந்தது, அங்கிருந்துதான் ஆலயம் இல்லாத யூத சமயம் உருவானது என்பது வரலாறு.

அவரைப் பற்றி இன்னொரு கதை. சீடர் யோசுவா ஆலய இடிபாட்டைப் பார்த்து, பாவநிவர்த்தி செய்த இடம் போய்விட்டதே என்று அழுதார். அதற்கு அவர், மகனே வருந்தாதே, அதற்குச் சமமான நிவர்த்தி ஒன்று நம்மிடம் இருக்கிறது, அன்புச் செயல்கள்தான் அது என்று சொல்லி, பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசேயா தீர்க்கதரிசியின் வரியைக் காட்டினார்.

சாயங்காலம் பல்மாஹிம் கடற்கரைக்குப் போனோம். அந்த மனு கிடைத்த கோட்டை இதே கரையில் தெற்கே எங்கோ. அதுவரை போகவில்லை. மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தோம், காற்று சில்லென்று வந்தது, மகள் தன் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கோடையிலேயே இந்தக் காற்று. ராத்திரி போர்வை இல்லாமல் இந்தக் கரையில் படுத்தவரை நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், ஜூன் 3, வெள்ளி, எருசலேம்

காலையில் எசேக்கியா சுரங்கம். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் படையெடுத்து வந்தபோது, கிகோன் ஊற்றுத் தண்ணீரை நகருக்குள் கொண்டுவர யூதா அரசர் எசேக்கியா வெட்டியது என்பது பரவலான கருத்து. 533 மீட்டர், முழுக்கப் பாறை. ஆரம்பத்தில் தொடை வரை தண்ணீர், ஐஸ் மாதிரி. பிறகு கணுக்கால் அளவு. சில இடத்தில் குனிந்து போகவேண்டும், இரண்டு தோளும் சுவரில் உரசும். விளக்கை அணைத்துப் பார் என்றாள் மகள். அணைத்தேன். கண்ணுக்கு எதிரே கை தெரியவில்லை.

இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். 1880இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொத்தனார்கள் எதிர் எதிரே கோடரி வீசினார்கள், மூன்று முழம் மிச்சம் இருந்தபோது ஒருவர் மற்றவரைக் கூப்பிடும் குரல் கேட்டது, பாறை உடைந்தது, தண்ணீர் ஓடியது என்று சொல்கிறது. நம் ஊர்க் கல்வெட்டு என்றால் முதலில் மெய்க்கீர்த்தி, அரசன் பெருமை ஒரு பத்தி. கிடைத்திருக்கும் பகுதியில் அரசன் பேரே இல்லை. வேலை செய்தவர்களின் குரல் மட்டும் இருக்கிறது. உளித்தடம் இன்னும் சுவரில் தெரிகிறது, நடுப்பகுதியில் தடம் திசை மாறுவதை விரலால் தொட்டே உணரலாம்.

வெளியே வந்தால் சில்வான். பாலஸ்தீனர் வீடுகள், மேலே காய்கிற துணிகள், நடுவில் யூதக் குடியேற்ற வீடுகள், காவலர்கள். எந்த வீடு யாருக்கு என்ற வழக்குகள் பல வருஷமாக நடக்கின்றன. "அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே" என்ற கட்டளை தோராவில், அதாவது விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களில், 36 இடத்தில் வருகிறது என்று தல்மூத் என்ற யூதச் சட்ட விவாத நூல் எண்ணிச் சொல்கிறது. வேறு எந்தக் கட்டளைக்கும் இத்தனை நினைவூட்டல் இல்லை என்கிறார்கள். அந்த வரியைப் படித்து நெகிழ்ந்தவன் என்ற முறையில், இந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு மனசு கனத்தது. இதை எழுதாமல் விடுவது சரியில்லை.

மதியம் மஹனே யெஹுதா என்ற சந்தை. ஞாயிறு முதல் வியாழன் வரை சேர்த்து வைத்த சத்தத்தையெல்லாம் வெள்ளி மதியம் கொட்டுகிறார்கள் போல. பின்னல் ரொட்டி, ஆலிவ், மீன், பூ. ஐந்து மணிக்கெல்லாம் கடைகள் கதவை இறக்க ஆரம்பித்தன. ஏழு மணி தாண்டியதும் ஓய்வுநாள் தொடங்குகிறது என்று ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. அவ்வளவுதான். வண்டி இல்லை, டிராம் இல்லை, தெருவில் காலடிச் சத்தம் கேட்கிறது.

மகளோடு வேலை பார்க்கும் பெண்ணின் பெற்றோர் வீடு, சந்தைக்குப் பக்கத்தில் நாச்லாவோட் சந்துகளில். மூன்று நாள் அங்கேதான். மேசையில் விளக்கு, துணியால் மூடிய ரொட்டி. வீட்டுக்காரர் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தலையில் இரண்டு கையையும் வைத்து ஏதோ முணுமுணுத்தார். "யெவாரெக்கெகா" என்ற முதல் சொல்லைக் கேட்டதும் மகள் என் கையைப் பிடித்தாள். புதன்கிழமை வெள்ளிச் சுருளில் பார்த்த அதே வரிகள். 2600 வருஷத்துக்கு முன்னால் யாரோ கழுத்தில் கட்டிக்கொண்டு கல்லறைக்குப் போன அந்த வரிகளை, இந்த மனிதர் இன்று தன் 30 வயதுப் பெண்ணின் தலையில் கை வைத்துச் சொல்கிறார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார், உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லுங்கள் என்பது மாதிரி. எனக்கு மந்திரம் எதுவும் வரவில்லை. தலையில் கை வைத்து "நல்லா இரும்மா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பிடும்போது அந்த ஓட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் புத்தகம் எடுத்து வந்தார். மனுவில் 'லிப்னே ஷப்பத்' என்று ஒரு இடம் வருகிறதாம். ஓய்வுநாளுக்கு முன் என்று சிலர் படிக்கிறார்கள், வேலையை நிறுத்துவதற்கு முன் என்று சிலர். எப்படிப் படித்தாலும் ஓய்வு என்ற சொல் ஒரு கூலிக்காரர் வாயில் வந்திருக்கிறது. உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணம் என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா என்று கேட்டார். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாறும்படி. மாடும் கழுதையும்கூட. "உன்னைப் போலவே" என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

ஐந்தாம், ஆறாம் நாள், ஜூன் 4, 5, சனி, ஞாயிறு

இரண்டு நாள் குறிப்பையும் ஞாயிறு ராத்திரி சேர்த்து எழுதுகிறேன். அந்த வீட்டில் இருந்த வரை கைப்பேசியைத் தொடவில்லை, அது அவர்களுக்குச் செய்கிற மரியாதை.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். தோராவில் எனக்குச் செரிக்காத பகுதிகளையும் திரும்பப் படித்தேன். கானான் ஊர்களில் மூச்சுள்ள ஒன்றையும் விடாதே என்கிற கட்டளை இருக்கிறது. அடிமை முறையை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தத்தான் செய்கிறது. அதே புத்தகத்தில்தான், எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே, அவன் விரும்பின இடத்தில் உன்னோடு குடியிருக்கட்டும் என்றும் இருக்கிறது. பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்தில் ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தால் மரண தண்டனை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு குரல் சண்டை போடுகிறது என்று எனக்குப் பட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாங்கள் 2000 வருஷமாக அந்தச் சண்டையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்றார் அமைதியாக.

சனி இரவு ஓய்வுநாள் முடிந்ததும் உடனே ஷாவுவோட் பண்டிகை தொடங்கிவிட்டது. அறுவடை விழா, சீனாய் மலையில் தோரா கிடைத்த நாளும் அதுதான் என்கிறார்கள். பண்டிகையில் புதிதாக நெருப்பு மூட்டக்கூடாது, வெள்ளிக்கிழமையே ஏற்றி எரியவிட்ட மெழுகுவர்த்தியிலிருந்து விளக்கை ஏற்றினார் வீட்டு அம்மா. பாலாடைக்கட்டி இனிப்பு, பால் சேர்த்த பலகாரங்கள். பிறகு ராத்திரி முழுக்கப் படிப்பு. பக்கத்துத் தொழுகைக்கூடத்தில் இளைஞர், கிழவர், கைக்குழந்தையோடு பெண்கள், எல்லாரும் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து சத்தம் போட்டு விவாதிக்கிறார்கள். பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை.

எங்களுக்கென்று வீட்டுக்காரர் எடுத்த பகுதி தல்மூத்தில் பாபா மெட்சியா, 83ஆம் தாள். பாபிலோனியாவில் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஒரு அறிஞரின் திராட்சை ரசச் சாடியைச் சுமைக்கூலிகள் உடைத்துவிட்டார்கள். அவர் நஷ்டத்துக்கு அவர்களுடைய மேல்துணிகளை எடுத்துக்கொண்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மேலே படித்தார். கூலிகள் ராவ் என்ற பெரிய ஆசிரியரிடம் போய் முறையிட்டார்கள். துணியைக் கொடுத்துவிடு என்றார் ராவ். "சட்டம் அப்படியா சொல்கிறது?" "ஆமாம், 'நல்லவர்களின் வழியில் நடப்பாயாக' என்று எழுதியிருக்கிறதே." கொடுத்துவிட்டார். கூலிகள் விடவில்லை: நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கூலியையும் கொடு என்றார் ராவ். "சட்டம் அப்படியா சொல்கிறது?" "ஆமாம், 'நீதிமான்களின் பாதையைக் காத்துக்கொள்வாயாக'."

எண்ணிப் பார்த்தேன். ஆமோஸ் காலத்திலிருந்து இந்தச் சுமைக்கூலிகள் வரை ஏறக்குறைய ஆயிரம் வருஷம். நாடு போய், ஆலயம் போய், ஊர்விட்டு ஊர் போய், பாபிலோனியாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே துணி. அதே கேள்வி. இந்த மக்களிடமிருந்து உலகம் ஒரே கடவுள் என்ற கொள்கையை வாங்கிக்கொண்டது என்று பள்ளியில் படித்தோம், அது சரிதான். ஆனால் அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர் என்றால் கூலிக்காரனின் போர்வையை ஆயிரம் வருஷமாக விடாமல் கேட்டுக்கொண்டிருப்பவர். எனக்கு அதுதான் பெரிது. கூடத்தில் இதை நான் தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, மகள் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. எதிரே இருந்த கிழவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

விடிவதற்கு முன்னால் எல்லாரும் நடந்து மேற்குச் சுவருக்குப் போனோம். எல்லாச் சந்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள், ஆயிரக்கணக்கில், பேச்சுச் சத்தம் மட்டும், வண்டிச் சத்தம் இல்லை. ஒளி வந்ததும் கற்களின் நிறம் மாறியது. பத்துக் கட்டளைகளைப் படிக்கும்போது எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதல் வரியில் கடவுள், உலகைப் படைத்தவன் நான் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை. அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைக் கொண்டுவந்தவன் நான் என்கிறார்.

அப்புறம் ரூத்தின் கதை வாசித்தார்கள். மோவாப் என்ற அண்டை நாட்டுப் பெண், கணவனை இழந்தவள், மாமியாரோடு வந்து பெத்லகேம் வயலில் அறுப்பவர்கள் பின்னால் சிந்தின கதிர் பொறுக்குகிறாள். வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் என்று லேவியராகமம் 19 சொல்கிற சட்டம் அங்கே நடைமுறையில் நடக்கிறது. மோவாபியர் சபையில் சேரக்கூடாது என்று உபாகமம் சொல்கிறது. ஆனால் தாவீது அரசனுக்குக் கொள்ளுப்பாட்டி இந்தப் பெண்தான்.

ஏழாம் நாள், ஜூன் 6, திங்கள், ரெஹோவோத்

நாளை இரவு விமானம். காலையில் மகளோடு ஊருக்கு வெளியே நடந்தோம். ஒரு நிலம் உழாமல் கிடந்தது, பலகை ஒன்று நட்டிருந்தார்கள். இது ஷ்மித்தா வருஷம், ஏழாம் வருஷம், நிலத்துக்கு ஓய்வு. அந்த வருஷம் கடனையும் தள்ளுபடி செய்யவேண்டும் என்பது பழைய சட்டம். அதனால் ஏழாம் வருஷம் நெருங்கும்போது பணக்காரர்கள் ஏழைக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள், ஹில்லேல் என்ற யூத அறிஞர் அதைப் பார்த்துக் கடனை நீதிமன்றத்தின் பேருக்கு மாற்றி எழுதும் 'ப்ரோஸ்புல்' என்ற ஆவணத்தை ஏற்படுத்தினார். ஒரு படிவத்தைக் கண்டுபிடித்து ஏழைக்குக் கடன் கிடைக்கச் செய்தவர்! ஆவணம் எழுதுகிற வேலையில் இருந்தவனுக்கு இந்தப் பெயர் மறக்காது.

மத்தியானம் மேசையில் உட்கார்ந்து அந்த மனுவை எனக்குப் பழகின முறையில் எழுதிப் பார்த்தேன். திரும்பச் சொல்வதை இந்தத் தடவை வெட்டவில்லை.

அனுப்புநர்: (பெயர் ஓட்டில் இல்லை), அறுப்புக் கூலி, ஹட்சர் அசாம்.

பெறுநர்: கோட்டை அதிகாரி அவர்கள்.

பொருள்: மேல்துணியைத் திரும்பப் பெற்றுத் தரக் கோருதல், தொடர்பாக.

ஐயா,

தங்கள் அடியேன் கதிர் அறுக்கிறவன். ஹட்சர் அசாமில் அறுத்தேன், முடித்தேன், ஓய்வதற்கு முன்னால் களஞ்சியத்தில் சேர்த்தேன். அடியேன் அறுத்து முடித்துச் சேர்த்த பிறகு ஷோபாயின் மகன் ஹோஷயாகு வந்து அடியேனின் துணியை எடுத்துக்கொண்டார். நான் அறுத்து முடித்தபோது, இத்தனை நாள் முன்னால், அடியேனின் துணியை எடுத்துக்கொண்டார். உடன் அறுத்த சகோதரர்கள் எனக்குச் சாட்சி, வெயில் கொதிப்பில் என்னோடு அறுத்தவர்கள், அவர்கள் உண்மை என்று சொல்வார்கள். நான் குற்றமற்றவன். என் துணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அது தங்கள் கடமை இல்லையென்றாலும் இரங்கித் தாருங்கள். தாங்கள் பேசாமல் இருந்துவிட வேண்டாம்

இதற்குமேல் ஓடு உடைந்திருக்கிறது.